தலை கிறுகினது மட்டும்தான்

என்ட தம்பிக்குப் பதினஞ்சு வயசு. ஊர்க் கழகத்தின் பதினாறு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் நிற்பவன். போன வருசம் மாரி தொடங்க முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மெச். கோர்னரில இருந்து வந்த பந்துக்கு இவனும் எதிரணிப் பொடியன் ஒருத்தனும் ஒரே நேரத்தில எழும்பியிருக்கிறாங்க. பந்து தப்பிப் போயிட்டு, மண்டையும் மண்டையும் மோதிட்டு. இவன் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருக்கான். தலையில தண்ணி ஊத்தினாங்களாம். அஞ்சு நிமிசம் கரையில குந்தியிருந்திட்டு மறுபடியும் உள்ளே போய் முழு மெச்சும் விளையாடி முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

இரவு சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தபோதுதான் அம்மா கேட்டா. "ஒண்டும் இல்லம்மா, தலை கிறுகினது மட்டும்தான்" என்றான்.

வெளியூர் வாசகருக்கு ஒரு சின்ன விளக்கம். மட்டக்களப்பில் 'கிறுகு' என்றால் திரும்பு. வழி சொல்லும்போது "அந்தச் சந்தியில வலப்பக்கம் கிறுகுங்க" என்போம். தலை கிறுகினால் தலை சுத்துது என்று அர்த்தம்.

நான் அவனிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "இதுக்கு முதல் எத்தனை தரம் இப்படி நடந்திருக்கு?" கொஞ்சம் யோசித்தான். "ஆருக்குத் தெரியும்? நாலஞ்சு இருக்கும்" என்றான்.

அந்த "ஆருக்குத் தெரியும்" தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இரத்தம் வராத, தையல் போடாத, ஒரு இரவு தூங்கினால் சரியாகிவிடுகிற தலையடிகளை நாங்கள் எண்ணுவதே இல்லை. உலகமும் வெகுகாலம் எண்ணவில்லை. அதை எண்ணத் தொடங்கிய வரலாறு எப்படிப் போனது, அது எங்கட வாவிக்கரைக்கு எதைச் சொல்கிறது என்பதைத்தான் தேடிப் பார்த்தேன்.

வெபர் மைதானத்தில் இருந்து தொடங்குவம்

மட்டக்களப்பு நகரில் விளையாட்டு என்றால் முதலில் வாயில் வருவது வெபர் மைதானம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் இருந்து இயேசு சபைத் துறவிகள் பலர் இங்கே வந்து புனித மிக்கேல் கல்லூரியிலும் மற்ற இடங்களிலும் பணி செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர்தான் அந்த மைதானத்துக்கு. இன்னொருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கம் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் தன்னோடு வந்த இளைஞரோடு சேர்த்துக் காணாமல் போனார். இன்றுவரை விடை இல்லை. எங்கட ஊர் விளையாட்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே போர் வந்து நிற்கும். அதுக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இருக்கு, மறுகா வாறன்.

அந்தத் துறவிகள் எந்த நாட்டில் இருந்து வந்தார்களோ, அதே நாட்டில்தான் தலையடி பற்றிய கதையும் தொடங்குகிறது.

1928இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹரிசன் மார்ட்லண்ட் என்ற நோயியல் வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். குத்துச்சண்டைக்காரர் சிலர் ஓய்வுபெற்ற பிறகு கள்ளுக் குடித்தவர் மாதிரித் தள்ளாடுகிறார்கள், பேச்சுக் குழறுகிறது, கை நடுங்குகிறது, புத்தி மந்தமாகிறது என்று அவர் சொன்னார். இதை அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. குத்துச்சண்டை பார்க்கப் போகிற சனத்திடம் இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பட்டப்பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. அரங்கில் இருந்தவனுக்குத் தெரிந்தது வைத்தியப் புத்தகத்துக்குள் போக இவ்வளவு காலம் எடுத்தது. 1973இல் இங்கிலாந்தில் கோர்செலிஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் இறந்துபோன 15 குத்துச்சண்டைக்காரரின் மூளைகளைச் சோதித்து, சேதம் எங்கெங்கே இருக்கிறது என்று விபரமாக எழுதினார்கள்.

ஆனாலும் எல்லோரும் இதைக் குத்துச்சண்டைக்காரரின் வியாதி என்றே நினைத்துக் கொண்டிருந்தார்கள். முகத்தில் குத்து வாங்குவதே தொழிலாகக் கொண்டவனுக்கு வராமல் வேறு ஆருக்கு வரும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தது ஒரு நைஜீரியர். 2002இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். (அமெரிக்கக் கால்பந்து என்பது எங்கட உதைபந்து இல்லை. தலைக்கவசம் போட்டு ஆளோடு ஆள் மோதுகிற விளையாட்டு.) பிற்ஸ்பர்க் நகரில் பிரேத பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த வைத்தியர் பெனற் ஒமாலு. வெப்ஸ்டர் கடைசி வருசங்களில் நினைவு தடுமாறி, வாகனத்துக்குள் படுத்துத் திரிந்த மனிதர். மூளையோ வெளிப்பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது. ஒமாலு அதை விடாமல் மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் டௌ என்ற புரதம் கட்டிபட்டுக் கிடந்தது தெரிந்தது. 2005இல் அவர் அதைப் பிரசுரித்ததும், அந்த விளையாட்டு லீக்கின் வைத்தியக் குழு கட்டுரையை மீளப் பெறச் சொல்லி எழுதியது. அதே லீக்கின் உயர் அதிகாரி ஒருவர், விளையாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்கக் காங்கிரஸ் முன் ஒத்துக்கொண்டது 2016இல். இடையில் பதினொரு வருசம்.

இந்த நோயின் சுருக்கப் பெயர் சீ.டீ.ஈ. திரும்பத் திரும்பத் தலை அதிர்ந்தவர்களுக்குப் பல வருசம் கழித்து வருகிற மூளைச்சிதைவு. வெப்ஸ்டர் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அவருக்கு மண்டை பிளந்த விபத்து ஒன்றும் இல்லை. அவர் வாங்கினது எழும்பி அடுத்த ஆட்டத்துக்குப் போகக்கூடிய சின்ன அடிகள், ஆயிரக்கணக்கில்.

பந்தும் தலையும்

"அது அவங்கட விளையாட்டு, நாங்க உதைபந்துதானே" என்று தம்பி சொல்லுவான். அவனுக்கு ஜெஃப் அஸ்லின் கதை.

அஸ்ல் இங்கிலாந்துக்காக விளையாடிய முன்வரிசை வீரர், தலையால் கோல் அடிப்பதில் பேர்போனவர். 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தபோது தன் சொந்தப் பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார். மரண விசாரணை அதிகாரி, இது தொழிலால் வந்த நோய் என்று தீர்ப்பெழுதினார். சுரங்கத் தொழிலாளிக்கு நெஞ்சுநோய் வந்தால் எழுதுகிற அதே சொல். 2014இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த வைத்தியர் வில்லி ஸ்டூவர்ட் அவரது மூளையை மறுபடி சோதித்து அது சீ.டீ.ஈ. என்று உறுதிப்படுத்தினார்.

அதே ஸ்டூவர்ட் குழு 2019இல் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டது. ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர் 7,676 பேரை, அதே வயதும் அதே பொருளாதார நிலையும் உள்ள 23,028 சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டார்கள். மூளைச்சிதைவு நோய்களால் இறந்தது வீரர்களில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம். ஆனால் அதே ஆய்வில் வீரர்கள் இருதய நோயால் இறந்தது குறைவு. 70 வயது வரை பார்த்தால் மொத்த மரணங்களும் குறைவு. மூன்றரை மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். வீரர்களில் 100க்கு 2 பேருக்கும் குறைவாகத்தான் அது முதன்மை மரணக் காரணம். மற்றவர்களில் 100க்கு 0.5.

2021இல் அதே தரவை ஆட்டக்காரர் நிற்கும் இடப்படி பிரித்துப் பார்த்தார்கள். கோல் காப்பாளருக்கு ஆபத்துக் கூடியதாகத் தெரியவில்லை. பின்வரிசை வீரருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல் காப்பாளர் பந்தைத் தலையால் அடிப்பது மிக அரிது. பின்வரிசைக்காரனுக்கு அதுதான் வேலை. தம்பி நிற்கிறது பின்வரிசை. இதை வாசித்த இரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

"அந்தக் காலத்துத் தோல் பந்து, தண்ணியில ஊறிக் கல்லு மாதிரி இருக்கும், இப்ப பந்து லேசு" என்று ஒரு பதில் வரும். ஊறாது என்பது சரி. ஆனால் உலர்ந்த பந்தின் நிறை இன்றும் 410 முதல் 450 கிராம்தான். அது வரும் வேகமும் குறைந்துவிடவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் உதைபந்தாட்டச் சங்கம் 2015இல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலையால் அடிப்பதைத் தடை செய்தது. 2020இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதைக் கற்பிக்கக் கூடாது என்றன. எங்கட பக்கம் பத்து வயதுப் பொடியனுக்கு "கண்ணை மூடாத, நெத்தியால அடி" என்றுதான் இன்னும் பயிற்சி தொடங்குது.

பதினஞ்சு வயது மண்டைக்குள்

பெரியவருக்கும் வளரும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?

நல்லா முற்றாத இளநீரை வெட்டினால் உள்ளே வழுக்கை அசைவது தெரியும்தானே. மூளையும் அப்படித்தான், மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. தலை சடாரென்று நிற்கும்போதோ சுழலும்போதோ ஓடு நின்றுவிடும், உள்ளே இருப்பது நிற்காது. அந்த இழுவையில் நரம்பு இழைகள் நீளும், முறுகும். ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'ஸ்கேன் கிளியர்' என்பது இரத்தக்கசிவு இல்லை என்பதற்கான நல்ல செய்தி, மூளை அதிரவில்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல.

வளரும் பிள்ளையின் தலை, உடம்போடு பார்த்தால் பெரிசு, கழுத்துத் தசை பலம் குறைவு. நரம்பு இழைகளைச் சுற்றும் கொழுப்பு உறை இருபதுகளின் நடுப்பகுதி வரை உருவாகிக் கொண்டே இருக்கும். கடைசியாக முடிவது முன்மூளை. யோசிக்க, அவசரத்தை அடக்க, திட்டம் போட உதவுகிற பகுதி அது. மூளை அதிர்ச்சியில் இருந்து பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தேறிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு நாலு கிழமை வரை போகலாம். முதல் அடி ஆற முன்னம் இரண்டாவது அடி விழுந்து மூளை சடுதியாக வீங்கி இறந்துபோன சம்பவங்கள் 1984 முதல் வைத்திய இதழ்களில் பதிவாகி வருகின்றன. மிக அரிது. ஆனால் பதிவானவர்களில் பெரும்பாலானவர்கள் இளவயது வீரர்கள்.

நீண்டகாலத்துக்கு என்ன ஆகும்? இங்கேதான் கவனமாகப் பேச வேண்டும்.

2016இல் சுவீடனில் 1973க்கும் 1985க்கும் இடையில் பிறந்த 11 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அதில் 25 வயதுக்கு முன் தலையடிக்காக வைத்தியம் பெற்றவர் ஒரு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் லேசான அடிகள். வளர்ந்த பிறகு இவர்கள் மனநல வைத்தியத்துக்குப் போவதும், வேலை செய்ய முடியாமல் ஓய்வூதியம் பெறுவதும், படிப்பைப் பாதியில் விடுவதும் மற்றவர்களைவிடக் கூடுதல். அடிபடாத சொந்தச் சகோதரரோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் இருந்தது. ஒரு தரத்துக்கு மேல் அடிபட்டவர்களுக்கு இன்னும் கூடுதல்.

2018இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள், தலையடிக்குப் பிறகு சில நாட்களிலோ மாதங்களிலோ இறந்த நாலு பதின்வயது வீரரின் மூளைகளைச் சோதித்தார்கள். ஒன்றில் சீ.டீ.ஈ.யின் தொடக்கம் தெரிந்தது. கூடவே எலிகளில் செய்த சோதனையில், மயக்கம் வராத அடிகூட அந்த மாற்றத்தைத் தொடக்கி வைக்கலாம் என்று கண்டார்கள். 2023இல் அதே நிலையம், 30 வயதுக்கு முன் இறந்த 152 இளம் வீரர்களில் 63 பேருக்கு இந்த நோய் இருந்ததாக அறிவித்தது.

ஆனால் அந்த 152 பேர், "ஏதோ பிழை இருக்கு" என்று சந்தேகித்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள். மைதானத்தில் விளையாடுகிற எல்லாருக்கும் நூற்றுக்கு நாற்பது என்று அதைப் பெருக்கக் கூடாது. மறுபக்கத்தில், 1957இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த ஆண்களை அறுபத்தைந்து வயதில் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பள்ளியில் கால்பந்து விளையாடியவருக்கும் விளையாடாதவருக்கும் ஞாபகசக்தியிலோ மனச்சோர்விலோ வித்தியாசம் இல்லை என்றது அது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் புரிவது இவ்வளவுதான்: பள்ளிக் காலத்தில் கொஞ்சம் விளையாடினவன் பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பான். எத்தனை வருசம், எத்தனை அடி, ஆற விட்டானா என்பதில்தான் விசயம். ஆகவே எண்ணாமல் விடுவதுதான் முதல் பிழை.

மோதிரக் கை

இனி மைதானத்தை விட்டு வகுப்புக்குள் வாங்க.

தமிழில் தலையில் அடிக்க என்றே தனிச்சொல் இருக்கு: குட்டு. பிள்ளையாருக்கு முன் நாங்களே எங்கட தலையில் குட்டிக் கொள்ளுவம். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று பழமொழி. பிழையாகப் பாடிய புலவரைத் தலையில் குட்டிய பிள்ளைப் பாண்டியன் கதையைத் தமிழ் சேர் சிரித்துக்கொண்டு சொல்லுவார், நாங்களும் சிரிப்பம். அறிவு வருகிற வாசல் தலை, அதில் தட்டினால் திறக்கும் என்ற ஒரு நம்பிக்கை எங்கட மொழிக்குள்ளேயே கிடக்கு.

விரல் மொழியால் ஒரு குட்டு மூளையை அதிர வைக்காது, அதை மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் நான் படித்த காலத்தில் குட்டோடு நின்றதில்லை. கணக்குப் பிழைத்தவனின் தலையைப் பிடித்துக் கரும்பலகையில் இடித்ததைப் பார்த்திருக்கிறன். கன்னத்தில் விழுந்த அறையில் காதுக்குள் கூவிக் கொண்டே இருந்த ஒரு பின்னேரம் எனக்கும் உண்டு. வாவியில் மீன் பாடும் ஊர் என்று பெருமைப்படுகிற நாங்கள், அன்று காதுக்குள் கேட்டதையும் பகிடியாக மீன்பாட்டு என்றுதான் சொன்னோம்.

இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியது. 2016இல் இன்னொரு சுற்றறிக்கை அதையே மறுபடி சொன்னது. ஒரு தரம் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டி வந்தது என்றால் நடந்தது என்ன என்று ஊகிக்கலாம். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தென்னிலங்கைப் பாடசாலை ஒன்றின் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. ஆசிரியர் காதோடு சேர்த்து அறைந்ததில் ஒரு மாணவனுக்குக் கேட்கும் திறன் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட வழக்கு அது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான உரிமை, மீறப்பட்டதாக நீதிமன்றம் சொல்லி நட்டஈடு வழங்கப் பணித்தது.

காது கேட்காமல் போனதை அளக்க இயந்திரம் இருக்கு, அதனால் அது வழக்கானது. தலை கிறுகினதை, கவனம் சிதறினதை, அந்தத் தவணை புள்ளி குறைந்ததை அளந்து ஆர் வழக்குப் போடுவார்? "பிள்ளை இப்ப படிப்பில கவனம் இல்ல" என்று இன்னும் ரெண்டு அடிதான் விழும்.

ஷெல் விழுந்த தூரம்

வாறன் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன்.

என் வயதுக்காரரின் தாய் தகப்பன் மாமன்மாரின் பதின்வயது போருக்குள் போனது. 2004 ஏப்ரலில் இயக்கம் பிளவுபட்ட பிறகு, பதினெட்டு வயதுக்குக் குறைந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மட்டக்களப்புப் பகுதியில் வீடு திரும்பினார்கள். 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பாடசாலை மேல் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவை அறிக்கைகளில் இருக்கு. செத்தவர், கையிழந்தவர், காலிழந்தவர் என்று நிரல்கள் இருக்கு. அம்பது மீற்றருக்கு அங்கால நின்று, காற்று வந்து நெஞ்சிலும் தலையிலும் அறைய, கொஞ்ச நேரம் ஒண்டும் கேட்காமல் நின்று, பிறகு எழும்பி ஓடினவருக்கு எந்த நிரல்?

முதலாம் உலகப் போரில் இதே கேள்வி வந்தது. காயமே இல்லாமல் நடுங்கிக் கொண்டும் மறந்து கொண்டும் வந்த சிப்பாய்களைப் பற்றி 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற வைத்தியர் எழுதினார். 'ஷெல் அதிர்ச்சி' என்ற பேர் நிலைத்தது. அது மூளைக்குப் பட்ட அடியா, மனதுக்குப் பட்ட அடியா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. 2008இல் ஈராக்கில் இருந்து திரும்பிய 2,525 அமெரிக்கச் சிப்பாய்களிடம் செய்த ஆய்வில் ஏறக்குறைய 15 வீதமானவர்களுக்கு லேசான மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அவர்களது உடல் உபாதைகளில் பெரும்பகுதியை மனவடுவும் மனச்சோர்வும் விளக்கிவிட்டன. தலைவலி மட்டும் விளக்கத்துக்குள் அடங்காமல் மிஞ்சி நின்றது.

எங்கட குடும்பத்தில் ஒரு மாமா இருக்கார். பதினேழு வயதுக்குள் மூன்று தரம் கிட்டவாக ஷெல் விழுந்திருக்கு என்பார். நாற்பது தாண்டினவர். வெளிச்சம் கூடினால் தலையிடி, சின்னச் சத்தத்துக்குக் கோபம், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து போகும். ஊரில் அவருக்குப் பேர் 'தட்டினவர்'. அது மூளையில் பட்டதா, பார்த்ததில் வந்ததா, குடியிலா, நித்திரை இல்லாமையிலா என்று என்னால் சொல்ல முடியாது. சீ.டீ.ஈ. என்று உயிரோடு இருக்கும் ஆளைப் பார்த்து ஆரும் அறுதியாகச் சொல்லவும் முடியாது, அது இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் தெரியும். ஆனால் இத்தனை வருசத்தில் அவரிடம் "சின்ன வயசில தலையில அடிபட்டதா, எத்தனை தரம்?" என்று கேட்ட முதல் ஆள் நான்தான். அந்தக் கேள்விக்கே அவர் கண் கலங்கினார். "நான் பைத்தியம் இல்லைதானே மகன்?" என்று கேட்டார்.

தலையிடிக்கும், நித்திரைக்கும், மனச்சோர்வுக்கும் வைத்தியம் இருக்கு. காரணம் எதுவாக இருந்தாலும் அவற்றைக் குறைக்க முடியும். அதற்கு முதல் அந்த மனிதரைப் பட்டப்பெயரில் இருந்து இறக்கி ஒரு நோயாளியாகப் பார்க்க வேண்டும்.

கொப்பி

இனி வீட்டு விசயம். தம்பியை விளையாட விடாமல் நிறுத்தச் சொல்லி அம்மா நின்றா. நான் மறித்தேன். ஸ்கொட்லாந்துக் கணக்கையே எடுத்துப் பார்த்தாலும் விளையாட்டு இருதயத்துக்கு நல்லது. இந்த ஊரில் ஒரு பதினஞ்சு வயதுப் பொடியனுக்குப் பின்னேரத்தில் மைதானத்தைவிட நல்ல இடம் இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் சில விசயங்களை மாத்தினோம்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்று அவன் மறுபடி உள்ளே போகக்கூடாது. சந்தேகம் என்றாலே வெளியில் இருத்த வேண்டும். 2023இல் பிரித்தானிய அரசு ஊர் மட்ட விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டல் சொல்வதும் அதுதான்: ஒரு நாளாவது ஓய்வு, பிறகு படிப்படியாக நடை, ஓட்டம், பயிற்சி, 21 நாளைக்கு முதல் போட்டி இல்லை. இதுக்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு கலண்டர் போதும்.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், வலிப்பு, கை கால் சோர்வு, காதாலோ மூக்காலோ நீர் அல்லது இரத்தம் வருவது என்றால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலை. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இலக்கம் 1990. எங்கட மாவட்டத்தில் அந்த இலக்கம் வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். பரவாயில்லை, ஞாபகத்தில் நிற்கும்.

கழகத்தின் கோச் அண்ணனோடு போய்ப் பேசினேன். முதலில் சிரித்தார். "நாங்க எல்லாம் விளையாடல்லையா தம்பி?" என்றார். நான் பின்வரிசை வீரரின் ஐந்து மடங்கைச் சொன்னேன். அவரும் ஒரு காலத்தில் பின்வரிசைக்காரர். கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இப்ப பேர்கள் மறக்குது, வயசு எண்டு நினைச்சன்" என்றார். வயசாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். உண்மையிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த கிழமை அவர் கையில் ஒரு எண்பது பக்கக் கொப்பி இருந்தது. திகதி, பேர், தலையில் எந்தப் பக்கம் அடி, எத்தனை நாள் ஓய்வு என்று நாலு கோடு போட்ட பக்கங்கள். தலையால் அடிக்கும் பயிற்சியைச் சின்னப் பொடியன்களுக்கு நிறுத்திவிட்டார். பெரியவர்களுக்குக் கிழமைக்கு ஒரு நாள், பத்துப் பந்துக்கு மேல் இல்லை.

கொப்பியின் முதல் வரியில் தம்பியின் பேர் இருக்கு. பக்கத்தில், "இதற்கு முன்: 4 அல்லது 5" என்று எழுதியிருக்கிறார். அது திருத்தமான கணக்கு இல்லை. இனி எழுதப்படுவது திருத்தமாக இருக்கும்.